கெட்டுப்போகும் முறை

பணிநிறைவு மலருக்கு ஒன்றரைப் பக்கம் கேட்டார்கள். "ஏகாம்பரம் சாரைப் பத்தி ஒங்களைவிட யாருக்குத் தெரியும் மேடம், பதினாலு வருஷம் கூடவே இருந்திருக்கீங்க" என்றார் மலர்க் குழுவில் இருக்கும் பொருளாதாரத் துறை ஷாநவாஸ். தெரியும்தான். தெரிந்ததை எழுதினால் மலரில் போட மாட்டார்கள் என்பதும் தெரியும். அதனால் "மாணவர் நலனே மூச்செனக் கொண்ட மாமனிதர்" என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இது எனக்காக எழுதுவது. இதில் மாமனிதர் யாரும் வர மாட்டார்.

ஏகாம்பரம் பிறந்தது திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கடை வைத்துச் செழிப்பாக இருக்க, இவர் மட்டும் வரலாறு படித்தார். வீட்டில் உருப்படாத பிள்ளை என்று பெயர் வாங்கினார். அந்தப் பெயரைத் துடைக்கத்தானோ என்னவோ, திருக்கோகர்ணத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து வரலாற்றுத் துறையையே தன் சொந்தக் கடைபோல நடத்தினார். யார் எந்த நேரத்துக்கு வருவது, யாருக்கு எந்த வகுப்பு, யார் எந்த நாற்காலியில் உட்காருவது எல்லாம் அவர் சொன்னபடிதான்.

வகுப்பில் அந்த ஆள் ராஜா. இதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும். புத்தகத்தைத் தொடாமல் அமெரிக்காவின் முதல் பதின்மூன்று மாநிலங்களையும் கரும்பலகையில் போடுவார். "ஹாமில்டன் பேங்கு வேணும்ங்கிறான், ஜெபர்சன் வயக்காடு போதும்ங்கிறான். ரெண்டு பேரும் ஒரே மந்திரிசபை. வெளங்குமாடா அது?" என்பார். கடைசி பெஞ்சு வரைக்கும் சிரிக்கும். சொத்து இருக்கிற வெள்ளைக்காரனுக்கு மட்டும் ஓட்டு என்றிருந்தது போய், ஒன்றும் இல்லாத வெள்ளைக்காரனும் வரிசையில் வந்து நின்றதை அவர் சொல்லும்போது நமக்கே செருப்பு மாட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போகலாம் போலிருக்கும்.

ஆனால் அவர் சொன்னதை விட்டு ஒருவர் தானாக யோசித்தால் பிடிக்காது. ஜெபர்சன் வெளிநாட்டு வியாபாரத்தையே தடுத்துக் கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டதை ஒருநாள் நடத்திக்கொண்டிருந்தார். கோட்டைப்பட்டினத்து மிஸ்பா எழுந்து, "எங்க ஊருல மீன்பிடித் தடைக்காலத்துல போட்டெல்லாம் நிக்கிற மாதிரியா சார்? கடலுக்குப் போகாட்டி ஊரே முடங்கிரும்" என்றாள். எவ்வளவு அழகான கேள்வி! "இது மீன் மார்க்கெட் இல்லைம்மா, ஒக்காரு" என்றார். அந்தப் பெண் மூன்று வருஷம் முடிகிறவரை அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் வழி மாணவர்களுக்காக அவர் அமெரிக்க வரலாற்றுக்கு ஒரு கையேடு எழுதினார். எங்கள் கல்லூரியில் அதுதான் வேதம். அதில் 1829-இல் ஜாக்சன் ஜனாதிபதியானதும் கொண்டுவந்த 'ஸ்பாயில்ஸ் சிஸ்டம்' என்பதற்கு அவர் போட்ட தமிழ்: கெட்டுப்போகும் முறை. பால் கெட்டுப்போகிறதே, அந்த ஸ்பாயில் என்று நினைத்துவிட்டார். போரில் ஜெயித்த படை தோற்றவனிடமிருந்து வாரிக்கொண்டு போவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தேர்தலில் ஜெயித்தவர்கள் பழைய போஸ்ட்மாஸ்டரையும் சுங்க அதிகாரியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தங்கள் ஆட்களை உட்கார வைத்தார்கள். அந்தப் பதவிகள்தான் அவர்கள் வாரிய கொள்ளை. கெடுவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தப்பு யாருக்கும் வரும். இவர் தப்புக்கு விளக்கமும் கண்டுபிடித்தார். "காலையில வச்ச சாம்பார் சாயங்காலம் ஊசிப்போகுதுல்ல? அந்த மாதிரி நாப்பது வருஷத்துல ஆட்சி ஊசிப்போச்சு. அதான் ஜாக்சன் ஆளை மாத்துனாரு" என்பார். பிள்ளைகள் தலையாட்டி எழுதிக்கொள்ளும்.

நான் குன்றாண்டார்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில்தான். ஜூன் மாதம் வந்தால் 'இந்த வருஷம் உண்டா சார்?' என்று அவர் மேஜைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சேர்ந்த இரண்டாவது வருஷம், அறியாத வயசு, துறை அறையில் எல்லோரும் இருக்கும்போது, "சார், அந்த ஸ்பாயில்ஸ்ங்கிறது வேற அர்த்தம்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம் எந்த யுனிவர்சிட்டியில பி.எச்.டி.?" என்று கேட்டார். நான் அப்போது முடித்திருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். அடுத்த பருவத்தில் வாரத்துக்குப் பதினாறு வகுப்பு இருந்த எனக்கு ஆறுதான் கிடைத்தது; வகுப்புக்கு இவ்வளவு என்றுதான் எங்களுக்குச் சம்பளம்.

அப்புறம் வாயைத் திறப்பேனா? நானும் சாம்பார் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அதையும்விட மோசம் ஒன்று செய்தேன். ரிஃபானா என்றொரு பெண் செல்போனில் தேடிப் பார்த்துச் சரியான அர்த்தத்தைப் பரீட்சையில் எழுதியிருந்தாள். இரண்டு மார்க் கேள்வி. விடைக்குறிப்பு அவர் தயாரித்தது. நான் சைபர் போட்டேன். சிவப்பு மையில், வட்டம் நன்றாகவே விழுந்தது.

போன ஆகஸ்டில் மலையாண்டி சார் ஓய்வு பெற்றதில் துறையில் ஒரு நிரந்தர இடம் காலியானது. எங்கள் கல்லூரி வைத்திருக்கிற வயது வரம்பில் எனக்குக் கடைசி வருஷம். இது போனால் சாகும்வரை ஜூன் மாதம் மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான். இப்போது நான் முனைவர். கட்டுரைகள் இருக்கின்றன, அனுபவம் இருக்கிறது. ஏகாம்பரமும், "பாத்துக்கலாம்மா, ஒன்னைய விட்டா யாரு?" என்று ஊர் அறியச் சொல்லியிருந்தார். நேர்காணலுக்கு வந்த நான்கு பேரில் ஒருவன் பாலாஜி, அவருடைய மச்சினன் மகன். அப்போதும் நான் சந்தேகப்படவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அறையில் கல்லூரிச் செயலர், ஏகாம்பரம், வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து நிபுணராக வந்த சுபஸ்ரீ அம்மா, மூன்று பேர். அந்த அம்மா என் ஆய்வேட்டை உண்மையிலேயே படித்திருந்தார். தேசிய வங்கியை ஜாக்சன் ஒழித்துக்கட்டியதில் யாருக்கு லாபம் என்று கேட்டார். சொன்னேன். ஓட்டுரிமை விரிந்தபோது யாரையெல்லாம் வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்டார். பெண்கள், அடிமைகள், பூர்வகுடிகள் என்று விரிவாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கடைசியா ஒண்ணு. ஸ்பாயில்ஸ் சிஸ்டத்தைத் தமிழ் வழிப் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லித் தருவீங்க?" என்றார்.

எதிரே ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால் அவர் கையேட்டை அவர் முன்னாலேயே, செயலர் முன்னாலேயே கிழித்துப் போடுவது ஆகும். மனுஷன் மன்னிப்பாரா? அவர் தயவில்லாமல் இந்த வேலை கிடைக்குமா? இப்படி ஓடியது கணக்கு.

"கெட்டுப்போகும் முறை மேடம்" என்றேன். சாம்பாரையும் சேர்த்துச் சொன்னேன்.

சுபஸ்ரீ அம்மா என்னையே பார்த்தார். "நெசமாவா சொல்றீங்க?" என்று கேட்டார். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அது தப்பும்மா. ஜெயிச்ச கட்சி பதவியைக் கொள்ளை மாதிரிப் பங்கு போட்டுக்கிறது. அடிப்படையான விஷயமாச்சே" என்றார். எவ்வளவு சாந்தமாகச் சொன்னார் தெரியுமா, படுபாவி! அந்த அம்மா தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

எனக்கு அடுத்துப் பாலாஜி உள்ளே போய் வந்தான். "அந்த ஸ்பாயில்ஸ் கேள்வியே வந்துச்சுக்கா. மாமா நேத்துத்தான் சொல்லிக் குடுத்தாரு" என்று என்னிடமே பல்லைக் காட்டினான்.

சாயங்காலம் மாடிப்படியில் அவரை மறித்தேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் குரலை உயர்த்தினேன்.

"தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"நீ சொன்ன அன்னைக்கே வீட்டுல போயி டிக்ஷனரியப் பாத்துட்டேன்" என்றார். "புஸ்தகம் அச்சாகி வந்துருச்சு. என்ன பண்ணச் சொல்ற?"

"எல்லாம் ஒங்க மச்சினன் மகனுக்காகத்தானே?"

"ஆமா" என்றார், கொஞ்சமும் கூசாமல். "செக்ரட்டரிகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். ஆனா அந்த அம்மா ஒம்மேல ரொம்பப் பிரியமாயிருச்சு. நீ மட்டும் கடைசிக் கேள்வியச் சரியாச் சொல்லியிருந்தீன்னா என்னால ஒரு மண்ணும் பண்ணியிருக்க முடியாது. பயந்துக்கிட்டேதான் ஒக்காந்திருந்தேன். நீயே வழி விட்டுட்ட."

கையிலிருந்த பையாலேயே அவர் முகத்தில் சாத்தலாமா என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததுதான் இன்னும் ஆத்திரம்.

அவர் இரண்டு படி இறங்கி நின்று திரும்பினார். "பாலாஜிக்கு அமெரிக்கா பேப்பர் அவ்வளவாப் பழக்கமில்ல. நோட்ஸ் நீதான் எழுதிக் குடுக்கணும், என்ன?"

அந்த ஆளை நான் வெறுக்கிறேன். அவர் கையேட்டை, கண்ணாடியை, அந்தச் சாந்தமான குரலை, எல்லாவற்றையும் வெறுக்கிறேன். அன்றைக்கு அந்தப் படியில் நின்றும் அவ்வளவு வெறுப்புதான் இருந்தது. வாயைத் திறந்தேன். "சரிங்க சார்" என்றுதான் வந்தது.