ஆற்றிக் கொடுத்த கிணற்றுத் தண்ணீர்

சிங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் வீதிக்கே குடிக்க ஒரே கிணறு. அதில் பக்கத்துக் குளத்துக் கழிவு கலக்கிறதா என்று பார்க்க ஓர் ஆய்வாளர் அம்மா வந்தார். பாறை ஊற்றில் ரேடான் என்ற வாயு இருக்குமாம். குளத்து நீரில் அது காற்றோடு போயிருக்குமாம். தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் நான்.

மறுநாள், "ரேடான் ரொம்பக் கம்மிங்க, குளத்துத் தண்ணியாட்டம் இருக்குது" என்றார். கிணற்றை மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது.

எனக்கு உறுத்தியது. சொன்னால் வீதியே சிரிக்கும். சொல்லிவிட்டேன்.

"ஊட்டுக்கு வந்தவீங்களுக்குக் கலங்கலாவா குடுக்கறதுன்னு வடிகட்டி, செம்புக்குச் செம்பு ஆத்திப்போட்டேனுங்க."

"ஆத்தறதுக்கு அதென்ன டீயாங்க? வாயு பூராவும் பறந்திருக்கும்!"

சிரித்தபடியே அவர் பாட்டிலைக் கிணற்றுத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி, குமிழி இல்லாமல் நிரப்பி மூடினார். இம்முறை ரேடான் நிறையவே இருந்தது. குளத்து நீரல்ல, பாறை ஊற்றுதான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று என் வாயால் பிழைத்தது கிணறு.