தம்பி வந்து குடித்த பீர்

என் தம்பியின் லேப்டாப்பைக் கெடுத்தது என் தம்பிதான் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நம்பினார்கள். அவன் செத்துப் பதினாறாம் நாள் அது நடந்தது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

வாரநாளில் அவனுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீடியோ எடுக்கப் போவான். எடுத்ததை வெட்டி ஒட்டுவதெல்லாம் அந்த லேப்டாப்பில்தான். வேலை செய்யும்போது வலது கைப்பக்கம் ஒரு கிளாஸ் ஸ்டௌட் இருக்கும், அந்தக் கறுப்பு பீர். அதைப் பார்த்தால் அம்மாவுக்குத் திட்ட நாக்கு நீளும். ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது அசாம் ஜாவா பக்கத்தில் லோரி அடித்துவிட்டது. அன்றைக்கு அவன் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. கைப்பேசியும் அவனோடு சேர்ந்து சக்கரத்துக்கு அடியில் போனது.

கருமாதி அன்று படையல் போட்டோம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, சாம்பிராணி காட்டி, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். ஆள் நடமாட்டம் இருந்தால் அவர் வந்து சாப்பிட மாட்டாராம். நண்டுக் குழம்பு, கோழிப் பிரட்டல், சிகரெட் எல்லாம் வைத்தாயிற்று. அம்மா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, அவன் உட்கார்ந்து வேலை செய்வதுபோலவே விரியத் திறந்து இலையோரம் வைத்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு கிளாஸில் ஸ்டௌட்டை நுரை தளும்ப ஊற்றி அதன் வலது பக்கத்தில் வைத்தார். அவன் உயிரோடு இருந்தபோது, குடிகாரன் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி, அவனுக்கு வந்த கல்யாணச் சம்பந்தத்தைக் கலைத்தவரும் இதே மாமாதான்.

கதவைத் திறந்தபோது கிளாஸ் கீபோர்டு மேல் கவிழ்ந்து கிடந்தது. ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை நண்டுக் காலைக் கவ்விக்கொண்டு கம்பிகளுக்கு இடையில் நுழைந்து போனதை நான் பார்த்தேன். மற்றவர்கள் கிளாஸைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"வந்துட்டான்க்கா. மருமவன் வந்து குடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார் மாமா.

நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா என் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எம்புள்ள குடிச்ச எச்சிடி அது. தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

பூனை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு கூட்டமே என்னை முறைத்தது. எழவு வீட்டில் பூனையைப் பற்றிப் பேசி நல்ல பேர் வாங்கியவர் யாரும் இல்லை. மூடிக்கொண்டேன். அம்மா அந்த லேப்டாப்பை உள்ளே கொட்டிய ஸ்டௌட்டோடு சேர்த்து மூடி, அவன் படத்துக்குக் கீழே வைத்து, பூவும் போட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு, சாம்பிராணி. கொஞ்ச நாளில் எறும்புகள் சாரை சாரையாக வந்தன. அவற்றையும் விரட்டக் கூடாது என்றாள். அவன் எந்த உருவத்தில் வருவான் என்று யாருக்குத் தெரியும் என்று என்னிடமே கேட்டாள்.

நான் பத்தாங் காலியில் இருந்த என் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு வந்து தங்கியிருந்தேன். சமைத்துப் போட்டேன், கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன், திட்டு வாங்கினேன். அதற்கு எனக்குக் கிடைத்த நன்றி, தலைத்திவசம் நெருங்கிய ஒரு காலையில் வந்தது. அவள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மூஞ்சி இருக்கு, கொரலு மறந்து போச்சு. ஒரே ஒரு தரம் அவன் அம்மான்னு கூப்புடுறதக் கேக்கணும். ஒங்கொரலத்தான் நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள்.

சுருக்கென்றது. ஆனாலும் தேடினேன். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அதில் அவன் பேசியதெல்லாம் பேசியதோடு போயிற்று. எனக்கு அவன் அனுப்பியதெல்லாம் கட்டைவிரல் படம். மிச்சம் இருந்தது லேப்டாப் மட்டும்தான். அம்மாவே பூவை ஒதுக்கிவிட்டு அதைத் திறந்து பட்டனை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நீ என்னடி பண்ணித் தொலைத்தாய் என்று கேட்டாள்.

கோலசிலாங்கூர் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் நம் தமிழ் ஆள், வாய்த்துடுக்கு. அடிப்பக்கத்து ஸ்குரூக்களைக் கழற்றி மூடியை எடுத்ததும் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். உள்ளே தார் பூசியதுபோல் கறுப்பாக ஒட்டிக் கிடந்தது. அதில் எறும்புகள் செத்துக் கிடந்தன.

"ஸ்டௌட் வாட அடிக்குதுலா. யாருக்கா இதுக்கு ஊத்திக் குடுத்தது?" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. தன் மகன்தான் குடித்தான் என்றாள். எப்போது என்று அவர் கேட்டார். செத்துப் பதினாறாம் நாள் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய போன் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போர்டு முழுக்க அரித்துப்போய்விட்டது, இது இனி எழுந்திருக்காது என்று சொல்லிவிட்டு, சர்வ சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார். "அன்னிக்கே தொடச்சிக் கொண்டாந்திருந்தா பொழச்சிருக்கும்."

அம்மா என் கையைப் பார்த்தாள், தான் அடித்த அந்தக் கையை. எனக்கு உள்ளே குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்க நான் ஒன்றும் மெனக்கெடவில்லை.

டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம், கிடைத்தது கிடைக்கட்டும் என்றார் கடைக்காரர். சில நாள் கழித்துக் கூப்பிட்டார். பாதிக்கு மேல் கிடைத்துவிட்டது. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தோம். ராசா என்ற ஊரில் ஒரு கல்யாணம். யாருடைய அப்பாவோ பெண்ணை அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். யாருடைய பிள்ளைக்கோ காது குத்தினார்கள். நாதஸ்வரம், மேளம், ஊரில் உள்ளவர்களின் குரலெல்லாம் இருந்தது. அவன் குரல் மட்டும் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவன் பேசினால் அந்தச் சத்தம் வீடியோவில் விழுந்துவிடும். வாயைத் திறக்காமல் நிற்பதுதான் அவன் தொழில், அதை அவன் ஒழுங்காகச் செய்திருந்தான். அம்மா ஒவ்வொன்றுக்கும் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்க் காதைக் கொடுத்தாள்.

கடைசியில் ஒரு சின்னத் துண்டு. எங்கள் வீட்டு அடுப்படி. அவன் புது மைக் வாங்கி அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது. அம்மா கரண்டியோடு நின்றுகொண்டு திட்டிக்கொண்டிருந்தாள்.

"குடி, நல்லாக் குடி. குடிச்சிட்டு எங்கயாச்சும் ரோட்ல அடிபட்டுச் சாவு. நான் நிம்மதியா இருப்பேன்."

கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு. அவனேதான்.

"அம்மா, இன்னொரு தரம் சொல்லுமா. மைக்கு சரியாப் புடிக்கல."

படத்திலிருந்த அம்மா கேமராவை நேராகப் பார்த்து இன்னொரு தரம் சொன்னாள். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. நல்ல மைக்தான்.

கடைக்காரர் கடையின் மறுபக்கம் போய் எதையோ தேடினார். எங்கள் வீட்டில் அந்தச் சாபம் காலைக் காப்பியோடு வருவது. எனக்கும் அது ஆயிரம் தடவை கிடைத்திருக்கிறது, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். அம்மா அதைத்தான் யோசித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, அவன் பேசுகிற அந்த ஒரு வரியை மட்டும் வெட்டித் தரச் சொன்னாள். கடைக்காரர் "அம்மா, இன்னொரு தரம் சொல்லுமா" என்பதை மட்டும் நறுக்கி, என் பழைய போனில் போட்டு அவள் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். என்னைத் திட்டவும் இல்லை.

தலைத்திவசம் அன்று மறுபடி படையல். மாமா ஸ்டௌட் ஊற்றி வைத்தார். சாம்பிராணி காட்டியதும் அம்மா போய்த் தன் கையாலேயே ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். பூனையைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. கதவைச் சாத்திவிட்டு நின்றோம். திறந்தபோது கிளாஸ் வைத்தது வைத்தபடி இருந்தது. நுரை மட்டும் அடங்கியிருந்தது. நண்டு முழுசாகக் கிடந்தது.

கோவிச்சுக்கிட்டான், வரவில்லை என்று மாமா விம்ம ஆரம்பித்தார். அம்மா மடியிலிருந்து போனை எடுத்து, படத்துக்கு முன்னால் பிடித்து அமுக்கினாள்.

"அம்மா, இன்னொரு தரம் சொல்லுமா."

அறை முழுக்க ஒரே அழுகை. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

"கேக்குறான் பாருக்கா. புள்ள ஆசயாக் கேக்குறான். சொல்லுக்கா, அவன் கேட்டத இன்னொரு தரம் சொல்லு" என்று மாமா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். ஆளாளுக்குச் சொல்லு சொல்லு என்றார்கள்.

அம்மா போனை முந்தானைக்குள் மறைத்தாள். அவள் என்னைப் பார்த்தாள். அவன் எதைச் சொல்லச் சொன்னான் என்று அந்த அறையில் தெரிந்தவள் அவளைத் தவிர நான் ஒருத்திதான். நான் போய், பூனை வந்த அந்த ஜன்னலைத் திறந்து வைத்தேன்.