பீலித் தண்ணீரும் இரண்டு சம்பந்திமாரும்

என் கலியாணச் சாப்பாட்டில் ஒவ்வொரு வாழையிலைக்குப் பக்கத்திலும் ஒரு குட்டித் தண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தார்கள். வவுனியாவில் ஒரு மண்டபம். என் அப்பாவையும் புது மாமாவையும் யாரோ பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டார்கள்.

எங்களுடையது காதல் கலியாணம். அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, இளந்தாரியாக வந்து வவுனியாப் பக்கம் பூவரசங்குளத்தில் காடு வெட்டிக் காணியாக்கியவர். மாமாவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வயல் செய்ய வந்தது. "அவை எங்கட ஆக்கள் இல்லையே" என்று மாமா முதலில் இழுத்த கதை அப்பாவின் காதுக்கும் வந்திருந்தது. பிறகு மாமா சம்மதித்தார். ஆனாலும் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. எதிர்வரிசையில் மணப்பெண்ணாக இருந்த எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா போத்தலைத் தள்ளிப் பிடித்து அதில் அச்சடித்திருந்த ஊர்ப் பெயரை வாசித்தார். ஒரு வாய் குடித்தார்.

"இது எங்க ஊரு தண்ணி!" என்றார், பந்திக்கே கேட்கிற மாதிரி. "லயத்துக்கு மேல மலை ஊத்து இருக்கு. தண்ணி விழ மூங்கில்ல பீலி வச்சிருப்போம், அதுல சும்மா கொட்டிக்கிட்டே இருக்கும். அதைப் போத்தல்ல அடைச்சு விக்கிறான் பாருங்க சம்பந்தி!"

சம்பந்தி என்று அவர் வாய் திறந்து கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

மாமா அப்பளத்தை நொறுக்கியபடி, "தண்ணியில என்ன ஊர்? எல்லாம் ஒண்டுதானே" என்றார்.

"கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிப்பேன்."

"எங்க, பிடியுங்கோ பாப்பம்!"

மாமா தன் சால்வையை எடுத்துத் தானே அப்பாவின் கண்ணைக் கட்டினார். மாமி இரண்டு கிளாஸ் கொண்டுவந்தா. ஒன்றில் போத்தல் தண்ணீர், மற்றதில் மண்டபத்துக் குழாய்த் தண்ணீர். அப்பா இரண்டையும் வாயில் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி உருட்டி உருட்டிக் குடித்தார்.

"இதுதான்! என்ன குளிர்ச்சி!"

தூக்கிப் பிடித்தது குழாய்த் தண்ணீர்.

அப்பா சால்வையை இறக்கி, மாமியின் முகத்தைப் பார்த்தார். "போச்சுடா! வவுனியாத் தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கே மாறிப்போச்சு சம்பந்தி" என்று அவரே முதலில் சிரித்தார். மாமா சிரித்த சிரிப்பில் இலையிலிருந்த பாயசம் வேட்டிக்கு ஓடியது. பந்தியே சிரித்தது. நான் அதற்குப் பிறகுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கைகழுவும் இடத்தில் மாமா அப்பாவிடம், "அந்தப் பீலியை ஒருக்கா எனக்குக் காட்டுங்கோவன்" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

அடுத்த மாதமே இருவரும் பஸ் ஏறி மலைநாட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது மாமாவுக்கு நல்ல தடிமன். மூக்கு சிவந்திருந்தது.

"விடியவே பீலிக்குக் கீழ போய் நிண்டனான் பிள்ளை. ஐஸ்!"

"வேணாம்னு சொன்னேன்மா, கேட்டாத்தானே" என்று அப்பா கொத்தமல்லித் தண்ணீரை ஆற்றி அவர் கையில் கொடுத்தார்.

அடுத்தமுறை வெயில் ஏறின பிறகுதான் குளிப்பதென்று, மாமா தும்மிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் முடிவெடுத்துவிட்டார்கள்.