மழையை மட்டும் கேட்டவர்

அந்தக் கேசட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா சவுதிக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடிதம் எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. கேசட்டில் பேசி, லீவில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். திருவண்ணாமலையில் எங்கள் தெருவிலேயே டேப் ரிக்கார்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருஷம் கொய்யா மரத்திலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டேன். அம்மா அதைக் கடிதத்தில் எழுதிப் போட்டாள். அடுத்த கேசட் வந்தபோது, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு டேப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தேன். அப்பா கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஐப்பசி மழ புடிச்சுதா? இங்க ஒரே வெயிலு, மாசம் போறதே தெரியல. தீபத்துக்குக் குளிரு ஜாஸ்தியா இருக்குமே, மலைமேல மேகம் எறங்குதா? மழ பேஞ்சா நம்ம தகரக் கொட்டாயில வுழற சத்தத்தப் புடிச்சு அனுப்புங்க."

கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழை என்ன, அவர் பெற்ற பெண்ணா?

தீபத்துக்கு முந்தின நாள் நல்ல மழை. அம்மா பெட்டியைக் கொட்டகையில் வைத்துப் பட்டனை அழுத்தினாள். என்னைப் பேசாமல் உட்காரச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவள் தலை மறைந்ததும் பெட்டியிடம் வாயைக் கொண்டுபோனேன்.

"மழயக் கேட்டியே, என்னக் கேட்டியா? எனக்குக் கை ஒடஞ்சி போச்சு. நீ ஒண்ணும் வர வேணாம். அங்கியே இரு."

அம்மா போட்டுப் பார்க்காமலே கொடுத்தனுப்பிவிட்டாள்.

பதில் மாசியில் வந்தது. அப்பா கெஞ்சுவார் என்று காத்திருந்தேன். அவரோ, பனி விட்டுதா, மாமரம் பூ வைத்ததா என்று கேட்டார். கடைசியில் முன்பின் தெரியாத ஒருவரின் குரல்.

"பாப்பா, நான் கீழ்பென்னாத்தூரு. உங்கப்பா ரூம்லதான் கீறேன். பத்து பேரும் ஒக்காந்து கேட்டோம். என்னத் திட்டி அனுப்ப எம் பொண்ணுகிட்ட டேப்பு இல்ல. அடுத்த மழைக்கும் நல்லா திட்டி அனுப்பும்மா."

பின்னால் ஆண்கள் சிரித்தார்கள். என் கோபம் அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது! டேப்பை உருவி முழம் முழமாக இழுத்துப் போட்டேன். முதுகில் நாலு வாங்கினேன். அதற்குப் பிறகு மழைச் சத்தம் பிடிக்க அம்மா பெட்டியைத் தொட்டாலே தெருவே கேட்கக் கத்தினேன். அவளும் விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் அப்பா திரும்பி வந்தார். நான் கல்லூரியில் படிக்கும்போது கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கடைக்குப் போயிருந்தார்.

"ஒங் கை ஒடஞ்ச காயிதம் வந்தன்னிக்கு உங்கப்பா சோறு துன்னலம்மா. கேசட்டுல மூணு வாட்டி ஒங் கையத்தான் மொதல்ல கேட்டாரு. கொரலு ஒடஞ்சிரும், அழிச்சிருவாரு. நாங்க சுத்தி ஒக்காந்துனு இருந்தோம். அப்பறந்தான் மழயக் கேட்டாரு."

எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூன்றில் ஒன்றை அழிக்காமல் அனுப்பியிருக்கக் கூடாதா? அந்த உடைந்த குரலுக்குத்தானே நான் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்! பத்து பேர் நடுவில் ஒரு மனிதனால் மழையை மட்டும்தான் கேட்க முடியும் என்று ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாமல்தான், அடுத்த இரண்டு கார்த்திகைக்கும் ஒரு பொட்டு மழைச் சத்தம்கூட அவருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.