தங்கராஜ் அண்ணன் துடைத்த பாத்திரம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நம் சபையின் மூத்த அங்கத்தினர் தங்கராஜ் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று ஆயர் போட்டிருந்தார். குக்கரை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தேன். அதற்குள் கீழே கைகூப்பும் படங்கள் வரிசை கட்டி வந்துவிட்டன. நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகு வெட்கமாக இருந்தது. அவருக்கு நான் செய்ய வேண்டியிருந்தது வேறு, அதைச் செய்யாமலே காலம் கடத்திவிட்டேன்.

அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகன். பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவித் துடைத்துப் பீடத்தில் எடுத்து வைக்கும் வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சபைக் கமிட்டியில் ஆறு வருடம் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் அவரை ‘அண்ணே’ என்பேன், அவர் என்னை ‘சிஸ்டர்’ என்பார். சபை மடலில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவரைப் பற்றிய நல்லது இதில் நிறைய இருக்கும். என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும், அது நல்லதாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைகளில் பீடத்துக்குப் பூ வைக்க நான் போகும்போது, அவர் பீடத்துக்குப் பக்கத்து வெஸ்ட்ரி அறையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து, திருவிருந்தில் எல்லாரும் திராட்சரசம் குடிக்கும் அந்த ஒரே வெள்ளிப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருப்பார். எதைப் போட்டுத் துலக்குவார் தெரியுமா? விபூதி. வெள்ளிக்கு அதைப்போல ஒன்று கிடையாது என்று வெள்ளிச் சாமான் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கமிட்டியில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன தங்கராஜ், கர்த்தருடைய பாத்திரத்தைப் போய் விபூதி போட்டுத் தேய்க்கறீங்க?” என்று முகத்தைச் சுளித்தார். “நீங்க தினம் பல்லு தேய்க்கறீங்களே, அந்த பேஸ்ட்டு ஞானஸ்நானம் வாங்கிச்சான்னு பாத்தா வாங்கறீங்க?” என்று அண்ணன் கேட்டார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அந்த விபூதிப் பொட்டலம் நஞ்சுண்டப்பா கொடுப்பது. பீன்யாவில் அண்ணனோடு ஒரே மெஷினில் வேலை பார்த்தவர், கன்னடக்காரர். பல வருடங்களுக்கு முன் காவிரித் தண்ணீர்த் தகராறு வந்து, பஸ்ஸில் தமிழ் பேசப் பயந்து நாமெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அந்த நாளில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த அண்ணனை அவர்தான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். “நம்ம மனெகெ பா” என்றாராம். எங்கள் வீட்டுக்கு வா, அவ்வளவுதான். மூன்று நாள் அங்கேயே வைத்திருந்து, ஊர் அடங்கிய பிறகு கொண்டுவந்து விட்டார். இந்தக் கதையை அண்ணன் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. “மூணு நாளு எது யாரு டம்ளர்னே தெரியாம குடிச்சோம் சிஸ்டர்” என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிப்பார். சரியண்ணே, போன வாரமும் சொன்னீங்க என்று நான் கிண்டல் செய்வேன்.

பிறகு ஐசக் வந்தான். உகாண்டாவிலிருந்து மேல்படிப்புக்கு வந்தவன், கம்மனஹள்ளியில் அறை எடுத்திருந்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் நம் ஆராதனையில் எந்த இடத்தில் எழ வேண்டும், எந்த இடத்தில் மண்டியிட வேண்டும் என்று தெரிந்து சரியாகச் செய்தான். எப்படி என்று கேட்டேன். அவன் ஊர்ச் சபையிலும் இதே முறைதானாம். கண்ணை மூடிக்கொண்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஆண்களில் முதலில் பிடித்துப்போனது அண்ணனுக்கு. தன் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்.

நம் பீடத்தின் கிராதியில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர் மண்டியிடலாம். ஆயர் பாத்திரத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைத்து, துணியால் துடைத்து, அடுத்தவருக்குப் போவார். ஐசக் வந்த இரண்டாம் மாதமே அந்த வரிசை மாறிவிட்டதை நான் பார்த்தேன். அவன் எழுந்தால் அவனுக்குப் பின்னால் யாரும் எழுவதில்லை. முழங்கால் வலி என்பார்கள், குழந்தை அழுகிறது என்பார்கள். பிறகு பெஞ்சு பெஞ்சாக ஆட்களை எழுப்பி அனுப்பும் தொண்டர்களே அவன் பெஞ்சைக் கடைசிக்கு ஒதுக்க ஆரம்பித்தார்கள். அவன் கிராதியின் கடைசி ஆளாக மண்டியிடுவான். அவனுக்கும் அடுத்து ஒருவர் போய் மண்டியிடுவார், அது தங்கராஜ் அண்ணன். நானா? நான் முதல் வரிசையிலேயே போய்விட்டு வந்து, தலை குனிந்து ஜெபம் செய்துகொண்டிருப்பேன்.

நாலாம் மாதம் கமிட்டியில் கடிதங்கள் வந்தன. ஒரே பாத்திரம் சுகாதாரமில்லை, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சரசம் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தார்கள். கொரோனா காலத்தில் பாத்திரத்தை நிறுத்தினோம், அதில் நியாயம் இருந்தது. அது முடிந்து பாத்திரம் திரும்பி வந்து வெகு நாளாகியும் ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை. கூட்டத்தில் யாரும் ஐசக்கின் பெயரைச் சொல்லவில்லை. டீ வந்தபோதுதான் ஒருவர் தாழ்ந்த குரலில், “அவனுங்க ஊர்ல என்னென்ன வியாதியோ, யாருக்குத் தெரியும்?” என்றார். அவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. பெயர் எழுதுவதானால் என் பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஏனென்றால் அடுத்து என்னைத்தான் கேட்டார்கள். “சிஸ்டர், நீங்க மெடிக்கல் ஃபீல்டு. நீங்க சொல்லுங்க.” எச்சில் வழியாகப் பரவும் நோய்கள் இருக்கின்றன என்று சொன்னேன். புத்தகத்தில் உள்ள வாக்கியம்தான். அந்த அறையில் அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்தே சொன்னேன். எல்லாருக்கும் பிரியமானவளாக இருந்து பழகிவிட்டேன், அந்தப் பழக்கத்தை விட மனமில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“சிஸ்டர், இந்தக் கிருமி நாலு மாசமாத்தான் இருக்குதா?”

நான் டீயை எடுத்துக் குடித்தேன். ஒருவர், “தங்கராஜ், இதுல என்ன இருக்கு? எல்லாருக்கும்தானே தனிக் கிண்ணம்?” என்றார். அதற்கு அண்ணன் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

“எங்கப்பாவுக்கு வட ஆற்காட்டுல, ஊரு டீக்கடையில தனி கிளாஸ். கடைக்கு வெளிய கூரையில சொருகி வெச்சிருப்பாங்க. அவரே எடுக்கணும், குடிச்சிட்டு அவரே கழுவி சொருகணும். அது புடிக்காமத்தான் தங்கவயலுக்கு ஓடியாந்து சுரங்கத்துல எறங்கினாரு. அங்க சபைக் கோயில்ல ஞானஸ்நானம் வாங்கி, மொதல் தடவ எல்லாரும் குடிச்ச பாத்திரத்துல அவருக்கும் குடுத்தாங்க. சுரங்க லைன் வீட்டுக்கு வந்து ஒக்காந்து அழுதாராம். எங்க குடும்பம் பூரா கிறிஸ்தவங்க ஆனது அந்தப் பாத்திரத்தப் பாத்துத்தான். அன்னிக்கு மேசையில ஆண்டவரு பன்னெண்டு கிளாஸா வெச்சாரு?”

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருடைய அப்பாவோ தாத்தாவோ அந்தக் கூரையிலிருந்து கிளாஸ் எடுத்துக் குடித்தவர்கள்தான், என் தாத்தா உட்பட. இருந்தும் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் மேலே போனது. அவர் கை மட்டும் மேசை மேல் இருந்தது.

அவர் கமிட்டியை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. புதிதாக வாங்கின நாற்பது கிண்ணங்களையும் அவரே கழுவினார். கோபமே வரலையா அண்ணே என்று கேட்டேன். “வருது சிஸ்டர். நான் கழுவ மாட்டேன்னு போனா, அந்தப் பையனாலதான் தங்கராஜ் போனான்னு அதையும் அவன் தலையில கட்டுவாங்க” என்றார். கிண்ணங்களைத் துடைத்து அடுக்கியபின் அலமாரியைத் திறந்து, யாரும் குடிக்காத வெள்ளிப் பாத்திரத்தை எடுத்து அதையும் துலக்கினார். சனிக்கிழமை தவறாமல் துலக்கினார்.

கிண்ணம் வந்த முதல் ஞாயிறு ஐசக்கும் வந்திருந்தான். ஆராதனை முடிந்ததும் வாசலில் என்னிடம் வந்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான், அந்த உரிமையில் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான். “சிஸ்டர், இது என்னாலா?”

“சே சே, அப்படியெல்லாம் இல்லை. எல்லாருடைய ஆரோக்கியத்துக்காக” என்றேன். நர்ஸ்களுக்கென்று ஒரு குரல் இருக்கிறது, ஊசி போடுவதற்கு முன் வலிக்காது என்று சொல்லும் குரல். அந்தக் குரலில் சொன்னேன். அவன் தலையசைத்து, நல்லது சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த மாதத் திருவிருந்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அண்ணன் அவனைத் தேடிப் போனார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கம்மனஹள்ளி அறைக்குப் போய்விடுவார். அண்ணனுக்கு ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம், அவனுக்குத் தமிழ் பூஜ்யம். அவர் தமிழ் ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொள்வார், அவன் தன் மொழிப் புத்தகத்தை வைத்துக்கொள்வான். ஒரே இடத்தில் இருவரும் ஆமென் சொல்வார்களாம். “ஒரு நாளைக்கு நீங்களும் வாங்க சிஸ்டர்” என்று என்னைப் பல தடவை கூப்பிட்டார். மூட்டு வலி என்றேன், விருந்தாளி வருகிறார்கள் என்றேன். அவனைப் பார்த்தால் அந்தக் கேள்வி மறுபடி வருமே என்ற பயம். என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் அவருக்கு முடியாமல் போனபோது ஆயர் வீட்டுக்குப் போய்த் திருவிருந்து கொடுத்தார். அந்த வெள்ளிப் பாத்திரத்தில்தான் வேண்டும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். அவர் மனைவி மேரி அக்கா எனக்குப் போன் செய்தார். “நீயும் வரணும்னு சொல்றாரு. ஐசக்கும் வரான். அவனுக்குப் பக்கத்துல உனக்கு எடம் போட்டு வெச்சிருக்காரு.” வருகிறேன் என்றேன். புடவைகூட மாற்றினேன். ஆட்டோவைக் கூப்பிடாமல் கட்டிலில் உட்கார்ந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆராதனை முடிந்திருக்கும் நேரம் கடந்த பிறகு, தலை சுற்றுகிறது என்று போன் செய்தேன். மேரி அக்கா சொன்னபோது அண்ணன் சிரித்தாராம். “பரவால்ல, சிஸ்டர் வருவாங்க” என்றாராம்.

அடக்கத்தன்று உச்சி வெயில். பெட்டியைத் தூக்கியவர்களில் ஒரு பக்கம் நஞ்சுண்டப்பாவின் மகன், மறு பக்கம் ஐசக். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்ததும் எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. பக்கத்திலிருந்த கல்லறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஓடி வந்தவன் ஐசக். அவன் கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை என்னிடம் நீட்டப் போனான். பாதியில் கை நின்றது. பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஒரு நிமிஷம் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு அந்த வெயிலில் கேட்டுக்கு வெளியே இருந்த கடைக்கு ஓடி, புது பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தான். சீல் உடைக்காததை என் கண் முன்னால் காட்டினான். “புதுசு சிஸ்டர். நான் வாய் வைக்கவில்லை.”

இதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். கையில் இருப்பதைக் கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புது பாட்டிலை வாங்கிக் குடித்தேன். அழுதேன். அண்ணனுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவன் என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் மேரி அக்கா அலமாரிச் சாவியையும், அண்ணன் பாத்திரம் துடைக்கும் மஞ்சள் துணியையும், பாதிப் பொட்டலம் விபூதியையும் என்னிடம் கொடுத்தார். சிஸ்டரிடம் கொடு என்று சொல்லியிருந்தாராம். போன சனிக்கிழமை நான் பாத்திரத்தைத் துலக்கினேன். அவர் வைத்திருந்த அளவுக்குப் பளபளப்பு வரவில்லை. அவருடையதில் என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இதோடு அவர் கமிட்டியில் கேட்ட கேள்வியும் இருக்கிறது. அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அப்படி ஒரு கிருமி இருக்கவே இல்லை, அண்ணே. நான் சொன்னது பொய். பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இதையேதான் காரணமாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கமிட்டி அடுத்த மாதம் கூடும். ஐசக் படிப்பு முடித்து இந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறான். நம் சபையில் அவன் அந்தப் பாத்திரத்தில் இனிக் குடிக்கப்போவதில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கம்மனஹள்ளிக்குப் போகிறேன், வழி மேரி அக்கா சொல்லியிருக்கிறார். வாசலில் நின்று அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஆமாம் ஐசக், உன்னைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தோம்.