ரூபன்கோர்ப் பெயரைத் திருடியது யார்?

அவ்வக்காத்தோ கொராடோ சிரகூசா, நீர் ஒரு திருடர். பெயர்த் திருடர். உமது பெரியம்மாவின் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி வாசலில் ஆணியடித்துவிட்டு, அதே வாயால் என் மகனைத் திருடன் என்று சபையில் சொன்னீர். அவ்வக்காத்தோ, அதாவது வழக்கறிஞர், என்று படித்தவர் நீர். நான் கிழடுகளைக் குளிப்பாட்டிப் பிழைத்தவள். ஆனாலும் யார் திருடர் என்று எனக்குத் தெரியும்.

என் மகன் இங்கே பலெர்மோவில் பிறந்தவன். பதினெட்டு முடிந்துவிட்டது. பத்தொன்பது பிறக்கும் முன் நகரசபையில் போய்க் கையெழுத்து வைத்தால் இத்தாலியன். தவறவிட்டால் எங்களைப் போலப் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி வாங்கக் குவெஸ்தூரா போலீஸ் அலுவலக வரிசையில் நிற்க வேண்டியதுதான். இப்போது அவன், "இந்தப் பெயரோடு கையெழுத்து வைக்கமாட்டேன்" என்கிறான். பெயரை மாற்றி முடிக்க வருடக்கணக்கு ஆகும். அதற்குள் அவனுக்குப் பத்தொன்பது ஆகிவிடும்.

பதான்தே வேலைக்கு, அதாவது வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். சிசிலிக்காரர் பேசியதையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

முதல் நாள்

கபோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. கோயில் சனம்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டது. கதவில் எல்விரா ரூபன்கோர்ப் என்று எழுதியிருந்தது. உள்ளே சக்கர நாற்காலியில் ஓர் எலும்புக் கிழவி, வாயில் சிகரெட். பக்கத்தில் அவருடைய தங்கை மகன் கொராடோ, கழுத்துப்பட்டியோடு. கேள்வி கேட்டது அவர். தூக்கத் தெரியுமா, ஊசி போடத் தெரியுமா, மொழி தெரியுமா என்று நீட்டிக்கொண்டே போனார்.

சிஞ்ஞோரா, அதுதான் அந்தக் கிழவி அம்மா, குறுக்கே வந்தார். "மீன் துப்பரவாக்கத் தெரியுமோ?"

"நான் மன்னார் பேசாலையில பிறந்தனான், சிஞ்ஞோரா. நடக்கத் தொடங்க முந்தி மீன் வெட்டினனான்."

"அப்ப நீ இரு. இவன் போகட்டும்."

கொராடோ விடவில்லை. "பெரியம்மா, இது சும்மா வீடில்லை எண்டு இவவுக்கு விளங்கவேணும். இது ரூபன்கோர்ப் வீடு. இத்தாலி முழுக்க ஒரே ஒரு குடும்பம். ஜெர்மன் சக்கரவர்த்தியோட குதிரையில வந்த வம்சம்."

"சொல்லிப்போட்டாய் தானே. இப்ப அந்தக் குதிரையில ஏறிப் போய் எனக்கு ஒரு பெட்டி சிகரெட் வாங்கிக்கொண்டு வா."

பிள்ளைகளே, வீட்டில் யார் அதிகம் கதைக்கிறாரோ அவர் முதலாளி இல்லை. யாருடைய பன்னலோனேயை, அதுதான் பெரியாட்களுக்குக் கட்டும் அணையாடையை, மாற்றுகிறீர்களோ அவர்தான் முதலாளி.

தகப்பன் பெயர்

நான் வயிற்றில் பிள்ளையோடு நின்றபோது கொராடோ வந்து, "வயித்தோட இஞ்சை வேலை செய்யேலாது, வேற ஆளைப் பாப்பம்" என்றார். இந்த ஊரில் அது புதினமில்லை. நானும் என் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

சிஞ்ஞோரா கத்தினார். "நாற்காலியில இருக்கிறது நான். அவள் ரெண்டு காலில நிக்கிறாள். அவளுக்கு என்னடா குறை? உன்ர அம்மா உன்னைப் பெறேக்கை யாராவது அவளைத் துரத்தினவையோ? துரத்தியிருக்கவேணும்."

என் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பிள்ளை பிறந்த அன்று, கபோவின் மீன்கடைப் பொடியன்கள் நாலு பேரைப் பிடித்து, நாற்காலியோடு தன்னை மூன்று மாடி இறக்கச் சொல்லி, வழியெல்லாம் அவர்களைத் திட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். என் சொந்தச் சனமே அன்றைக்கு வேலை என்று வரவில்லை.

எங்கள் பக்கத்தில் உதவி செய்தவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். பிரசவம் பார்த்த டாக்டர், புயலில் சோறு தந்த பாதிரியார் என்று பலருடைய பெயர்களும் எங்கள் தெருக்களில் ஓடித் திரிகின்றன. அது நன்றி. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் எனக்குப் பிறந்தது ஆம்பிளைப் பிள்ளை.

என் புருஷன் அன்ரன் அப்போது ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை. அவர்தான் வழி சொன்னார். "எல்விரா எண்டு இவனுக்கு வைக்கேலாது. அவவின்ர தகப்பன்ர பேரை வைப்பம். அந்த மனுசிக்கு இன்னும் சந்தோசமாயிருக்கும்."

தகப்பன் பெயர் என்ன என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. அதுதான் கதவிலேயே இருக்கிறதே! நான் ஜெசிந்தா மரியதாஸ்; இந்த ஊர்க்காரர் வாயில் ஜாச்சிந்தா. மரியதாஸ் என் அப்பா. அவர் எல்விரா ரூபன்கோர்ப். அப்படியென்றால் ரூபன்கோர்ப் அவருடைய அப்பா. பெயருக்குப் பக்கத்தில் நிற்பது பெற்றவன் பெயர் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு கணக்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரை ஒரு வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு திரிவார்கள் என்று யார் நினைத்தது?

பதிவு அலுவலகத்தில் இருந்தவர் எழுதியதை இரண்டு தரம் பார்த்தார். "இதென்ன பேர்? உங்கட சாமியின்ர பேரோ?"

"ஓம், பெரிய ஆள்" என்றார் அன்ரன்.

அவர் பதிந்துவிட்டார். எங்கள் வாயில் நுழையாத ஒரு ஜெர்மன் பெயரை, தமிழ்ப் பெயர் என்று நினைத்து ஓர் இத்தாலியன் பதிந்தான். வீட்டில் சுருக்கி ரூபன் என்றோம்.

சிஞ்ஞோராவிடம் போய்ச் சொன்னேன். "உங்கட அப்பாவின்ர பேரைத்தான் வைச்சிருக்கிறம்."

"கயெத்தானோ எண்டோ?"

"இல்லை சிஞ்ஞோரா. ரூபன்கோர்ப்."

கிழவி சிரித்த சிரிப்பில் நான் பன்னலோனே மாற்ற வேண்டியதாகப் போயிற்று. ஏதோ பிழை விட்டுவிட்டோம் என்று விளங்கியது. பெயரை மாற்றிவிடவா என்று கேட்டேன்.

"தொட்டியோ, கையை முறிப்பன். எங்கட வீட்டில கடைசி ஆம்பிளை எப்பவோ செத்திட்டான். இவனுக்குத் தலை நிறைய மயிர் வேற. ரூபன்கோர்ப் ஆம்பிளையள் எல்லாரும் மொட்டையள். சரி, இவன்ர பிள்ளையளுக்கு என்ன பேர் வரும்?"

"எங்கட முறையில இவன்ர பேர்தான் அதுகளுக்குப் பின்னால வரும்."

"அப்ப அதுகளும் ரூபன்கோர்ப்!" என்று கையைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கொராடோவுக்குச் சொல்லாதை. நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போவான். பிறகு எனக்கு ஆர் சிகரெட் வாங்கித் தாறது?"

கிழங்குக் கூடை

பெயரின் மூலத்தைச் சிஞ்ஞோராவே எனக்குச் சொன்னார். கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன், சக்கரவர்த்தியோடு வந்தவர் யார் என்று.

"எந்தச் சக்கரவர்த்தி? அவன்ர கல்லறை கத்தெத்ராலே பெரிய கோயிலில சும்மா கிடக்குது, எங்கட ஆக்களை அவனுக்குத் தெரியாது. ரூபன் எண்டா அங்கத்தைய பாஷையில ஒரு கிழங்கு. மாட்டுக்குப் போடுறது. கோர்ப் எண்டா கூடை. கூடை பின்னி, கிழங்கு சுமந்து வித்த ஆக்கள். அதில ஒருத்தன் கப்பலில சமையல்காரனா வந்தவன். இஞ்சை துறைமுகத்தில குடிச்சுப்போட்டுக் கிடந்தான். கப்பல் அவனை விட்டுட்டுப் போயிட்டுது. அவ்வளவுதான் வம்சம்."

"அப்ப ஏன் உங்கட பேர் இவ்வளவு அரிது?"

"அரிது எண்டு அவன் நெஞ்சை நிமித்துறான். அரிது எண்டா பிள்ளை இல்லை எண்டு அர்த்தம், ஜாச்சிந்தா. ஒருத்தன் சண்டையில செத்தான், ஒருத்தன் பாதிரியாப் போனான், ஒருத்தன் கடைக்காரரின்ர வாயில நுழையேல்லை எண்டு பேரையே மாத்திப்போட்டான். மிச்சம் நான். எனக்குக் கலியாணமும் இல்லை. இதில பெருமைப்பட என்ன கிடக்கு?"

அவர் ரூபனை மடியில் வைத்து, தன்னை நோனா, அதாவது பாட்டி, என்று கூப்பிடச் சொல்லி வளர்த்தார். சீட்டாட்டம் பழக்கினார். அதில் ஏமாற்றவும் பழக்கினார். அவனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது கண்ணை மூடினார். வீடு கொராடோவுக்குப் போயிற்று. அது அவருக்கு உரியது, அதில் எனக்கு ஒரு கதையும் இல்லை.

கொராடோவின் தகப்பன் சிரகூசா. கொராடோவும் சிரகூசா. இந்த ஊரில் கல்லெறிந்தால் ஒரு சிரகூசாவின் தலையில் விழும். பெரியம்மாவைப் புதைத்த கையோடு வீட்டுக்கு வெள்ளையடித்து, சுற்றுலாக்காரருக்கு அறை வாடகைக்கு விடத் தொடங்கினார். வாசலில் பலாட்சோ ரூபன்கோர்ப் என்று தகடு. தகட்டில் சிங்கம். மூன்றாம் மாடி ஃப்ளாட் ஒன்றுக்கு அரண்மனை என்று பெயர். விசிட்டிங் கார்டில் தன்னை கொராடோ ரூபன்கோர்ப் என்று போட்டுக்கொண்டார்.

ஆப்பில் வந்த பெயர்

ரூபன் படித்துக்கொண்டே சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். ஒருநாள் கொராடோ ஆப்பில் அரன்சீனே என்ற பொரித்த சோற்று உருண்டை கேட்டிருக்கிறார். கொண்டுவருபவரின் பெயர் போனில் வந்திருக்கிறது: ரூபன்கோர்ப்.

கதவைத் திறந்தவர் போனையும் பார்த்தார், பொடியனையும் பார்த்தார்.

"இது உன்ர பேரோ?"

"ஓம், அவ்வக்காத்தோ. நான் ஜாச்சிந்தாவின்ர மகன். உங்களுக்கு என்னைத் தெரியுமே."

"ஆர் வைச்சது?"

"அம்மா."

சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். மகன் வந்து சொன்னபோது நான், "சந்தோசத்தில வாயடைச்சுப் போயிருப்பார்" என்றேன். அவ்வளவு புத்தி எனக்கு.

ரோல்ஸ் தட்டு

சில நாட்களில் கபோ முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஓர் அரிய ஜெர்மன் பெயரின் கதை, பேசுபவர் அவ்வக்காத்தோ கொராடோ ரூபன்கோர்ப், எல்லோரும் வருக.

எல்லோரும் வருக என்றால் எங்களை விட்டுவிட்டா? பெயரைச் சுமக்கிறவன் என் வீட்டில்தானே இருக்கிறான். நான் சேலை உடுத்தேன். ரூபனுக்குக் கோட்டுப் போட்டேன். குடும்பக் கொண்டாட்டத்துக்கு வெறுங்கையோடு போவதில்லை என்று மீன் ரோல்ஸ் பொரித்துப் பெரிய தட்டில் அடுக்கி எடுத்துப்போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

கொராடோ திரையில் படம் காட்டினார். சிங்கம், குதிரை வீரன், சக்கரவர்த்தி. கிழங்கும் வரவில்லை, கூடையும் வரவில்லை. சபை ஆவென்று பார்த்தது. கடைசியில் குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"ஒரு கவலையான விஷயமும் சொல்லவேணும். எங்கட பேரை இந்த நகரத்தில திருடியிருக்கினம். எங்கட வீட்டில வேலை செய்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம் அதைத் தங்கட பிள்ளைக்கு ஒட்டிவைச்சிருக்கு. இண்டைக்குப் பேர். நாளைக்கு வீடு கேப்பினம்."

சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை. ஆனால் சபை பார்த்தது. அந்த மண்டபத்தில் வெளிநாட்டுக் குடும்பம் என்று நாங்கள் மட்டும்தான் இருந்தோம். ரூபன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் எழுந்து, "அவ்வக்காத்தோ, உங்கட பெரியம்மா சொன்னதை நான் சொல்லவோ?" என்றேன். "நேரம் முடிஞ்சுது, சிஞ்ஞோரா" என்று மைக்கை அணைத்துவிட்டார்கள்.

ஓர மேசையில் வைத்திருந்த தட்டை எடுக்கப் போனேன். ஒரு ரோல்ஸ் மிச்சமில்லை. திருடர் சுட்ட ரோல்ஸ் தொண்டையில் சிக்கவில்லை போலும். முத்துமாலை போட்ட ஒரு கிழவி என் கையைப் பிடித்து, "இதுக்குள்ள என்ன மீன் வைச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு என் மகனால் பல்லரோ சந்தைக்குள் போக முடியவில்லை. கத்தரிக்காய்க்காரன் அவனைப் பிரபுவாக்கி, "பரோனே, கோட்டைக்கு ஒரு கிலோ அனுப்பவோ?" என்கிறான். மற்றவன், "பரோனே, என்ர வீட்டை எப்ப எழுதி வாங்கப் போறாய்?" என்கிறான். எங்கள் சனமும் சும்மா இல்லை. கோயில் வாசலில் ஒருத்தி கேட்கிறாள், "ஏனக்கா, உண்மையா வீட்டுக்காகவோ வைச்சனீங்கள்?"

கையெழுத்து

நகரசபைக்குப் போவோம் வா என்று நேற்றும் கூப்பிட்டேன்.

"அம்மா, பாஸ்தா, போதும். அந்தப் பேரைச் சொல்லி மேயருக்கு முன்னால நிக்கமாட்டன். எல்லாரும் சிரிப்பினம்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். நீ திருடினனியோ?"

"நான் திருடேல்லை. நீங்கள் திருடினதா எல்லாரும் கதைக்கினம். ஒவ்வொரு முறையும் என்ர பேரைச் சொல்லேக்கை அதைத்தான் கேப்பினம். எனக்கு நோனா எல்விராவைப் பிடிக்கும். ஆனா ஏலாதம்மா."

நேற்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன். பதில் சொல்ல வேண்டியவர் வேறு ஆள்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் கற்ற பாடத்தைச் சொல்கிறேன். அந்தக் கிழவர்கள் உங்களை நேசிப்பார்கள், நீங்களும் நேசிப்பீர்கள், அது பொய்யில்லை. ஆனால் அவர்களை வைத்து நீங்கள் அந்தக் குடும்பத்தில் ஓர் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கிழவி கண்ணை மூடிய அன்றே நீங்கள் வெளியாள். கொடுப்பதைக் கொடுங்கள், பெயர் வைக்க விரும்பினால் வையுங்கள். ரோல்ஸ் தட்டோடு முன்வரிசையில் போய் உட்காராதீர்கள். உட்கார்ந்து அவமானப்பட்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கும் வராதீர்கள்.

அவ்வக்காத்தோ கொராடோ சிரகூசா, இதை இத்தாலியன் பாஷையில் எழுதி உமது நோட்டீஸ் ஒட்டியிருந்த ஒவ்வொரு சுவரிலும் ஒட்டப்போகிறேன். விளங்கவில்லை என்று நீர் சொல்ல முடியாது. அதே மண்டபத்துக்கு, அதே சபையைக் கூப்பிடும். இந்தமுறை மைக்கை அணைக்காதேயும். என் மகனுக்கு ரூபன்கோர்ப் என்று பெயர் வைத்தவள் நான். சம்மதித்தவர் எல்விரா ரூபன்கோர்ப். உமக்கு அந்தப் பெயரை வைத்தது யார்? என் மகன் பத்தொன்பது ஆகும் முன் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் பதில் சொல்லும்.