பூவில் விற்காத வருஷம்

எங்கள் பக்கத்தில் மாமரம் பூத்தால் வண்டுக்கு முன்னால் மாங்காய் வாங்கும் சாவுகார் வந்துவிடுவார். வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தோப்பு. தை பிறந்ததும் மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெற்றிலை மேல் பணத்தை வைத்து நீட்டுவார். என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டால் அந்த வருஷத்துக் காயெல்லாம் சாவுகாருடையது. பணம் வந்த அன்று நாங்கள் ஜமீன். புதுத்துணி, கடைப் பாக்கி, நாத்தனாருக்குச் சீர். சிவராத்திரிக்குள் அதே சாவுகாரிடம் கடனுக்குப் போய் நிற்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு கோடையில் கிருஷ்ணகிரி மண்டிக்குப் போயிருந்தேன். எங்கள் தோப்புக் கிளிமூக்கு மாங்காய் அங்கே ஏலம் போய்க்கொண்டிருந்தது. நான்கு வண்டிக் காய்க்கே, சாவுகார் தையில் எங்களுக்குக் கொடுத்த மொத்தப் பணமும் வந்துவிட்டது. தோப்பில் இன்னும் பாதி காய் இறக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவர் எங்களுக்குக் கொடுத்தது விலையே இல்லை, கடன். அதற்கு வட்டியாகத் தோப்பையே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த தையில் வெற்றிலையோடு வந்தவரிடம் நானே சொன்னேன்.

"இந்த வருசம் பூவுல குடுக்கறதில்லீங்க, சாவுகாரே."

"ஒரு காத்து அடிச்சா பிஞ்சுகூட நிக்காதும்மா. அப்பறம் என்னாண்ட வராதீங்க" என்று சிரித்தார்.

அவர் போனதும் வீட்டுக்காரர் என்மேல் பாய்ந்தார். "வைகாசி வரைக்கும் என்னாத்த திங்கறது?"

"ராகி இருக்குது. எருமை இருக்குது. புதுத்துணி இல்லாட்டி பொழுது விடியாதா?"

களி தின்றோம். எருமைப் பாலை டீக்கடைக்கு ஊற்றினேன். வீட்டுக்காரர் கிணறு வெட்டும் வேலைக்குப் போனார். சித்திரையில் சாவுகார் சொன்ன காற்று வந்தது. விடிந்து பார்த்தால் தரையெல்லாம் காய். வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அழுதால் காய் மரத்தில் போய் ஒட்டிக்கொள்ளுமா? பொறுக்கி, நறுக்கி, உப்புப் போட்டுக் காயவைத்துச் சந்தையில் விற்றேன். மளிகைப் பாக்கி அதிலேயே தீர்ந்தது.

காற்றுக்குத் தப்பிய காயை வைகாசியில் நாங்களே வண்டி பிடித்து மண்டிக்குக் கொண்டுபோனோம். ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் எல்லோரையும்விட அதிகம் கேட்டு எடுத்தவர் யார் என்கிறீர்கள்? நம் சாவுகார்தான்! எனக்கு அந்த இடத்திலேயே கும்மியடிக்க வேண்டும் போல இருந்தது.

வந்த பணத்தில் தை மாதச் செலவுக்கென்று ஒரு பங்கைத் தபாலாபீஸில் போட்டோம். வீட்டில் இருந்தால் எனக்கே கை அரிக்கும்.

மறு தையிலும் மரம் பூத்தது, சாவுகாரும் வந்தார். வீட்டுக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு பணத்தைச் சாவுகார் கையிலேயே வைத்தார்.

"வெத்தலை போதுங்க. பணத்த மண்டியில வாங்கிக்கறேன்."